பாதிப் பணம் போகும், பட்டறிவு போகாது

வீடியோ கேம் என்றாலே நம்மில் பெரியவர்களுக்கு முகம் சுளித்துவிடுகிறது. கண் கெடுகிறது, படிப்பு கெடுகிறது, பணம் பாழாகிறது என்று மூன்று குற்றச்சாட்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூன்றிலும் உண்மை உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாச் சினிமாவும் ஒன்றல்ல, எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல என்று ஒப்புக்கொள்ளும் நாம், வீடியோ கேமை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

வரும் கோடை விடுமுறைச் சிறுவர் முகாமில் எந்த விதமான வீடியோ கேமுக்கும் இடமில்லை என்று முடிவு செய்ய வேண்டும் என நம் சங்கத்தில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது. அதை அடியோடு எதிர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. தடை போடுமுன் எதைப் பார்த்துப் போடுகிறோம் என்ற தெளிவு வேண்டும் என்பதே என் கருத்து.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஓர் ஏற்பாடு நன்றாக ஓடும்போது அதன் தரம் தெரியாது; பழுதாகும்போதுதான் தெரியும். பழைய கைகாட்டி சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இயக்கும் கம்பி அறுந்துபோனால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பழுதானாலும் ஆபத்து விளையாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். விளையாட்டையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆடுகிறவன் ஜெயிக்கும்போது எல்லா ஆட்டமும் இனிக்கும். அவன் விழும்போது அந்த ஆட்டம் அவனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது? அதில்தான் அதன் குணம் இருக்கிறது. இதற்கு ஒரு பழைய ஜப்பானிய ஆட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டமும் அதை உண்டாக்கியவர்களும்

1986 மே 27 அன்று ஜப்பானில் எனிக்ஸ் என்ற நிறுவனம் 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கருவிக்காகச் செய்யப்பட்டது அது. கதையையும் விதிகளையும் வகுத்தவர் யூஜி ஹோரி. நிரல் எழுதியது கோய்ச்சி நகமுராவின் சுன்சாஃப்ட் குழு. அரக்கர்களை வரைந்தவர் 'டிராகன் பால்' சித்திரக்கதையால் புகழ்பெற்ற அகிரா தோரியாமா. இசை கோய்ச்சி சுகியாமா. 1989-ல் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் இது அமெரிக்காவுக்குப் போயிற்று.

ஜப்பானியப் பதிப்பு முழுவதும் 64 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. இடம் போதாமல், ஜப்பானிய மொழியின் கடகனா எழுத்துகளில் சுமார் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்குச் சூட்டினார்களாம். இருக்கும் சாமானைக் கொண்டு பாலம் கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கனத்தின் அருமை புரியும்.

90களில் நம் கடைத்தெருக்களில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகள் பலவும் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தாம். அவற்றில் மரியோவும் துப்பாக்கிச் சண்டைகளும் வந்தன. நிதானமாக எழுத்தைப் படித்து ஆட வேண்டிய இந்த ஆட்டத்தை நான் அந்நாளில் எந்த வீட்டிலும் கண்டதில்லை. என் மகன் அமெரிக்காவில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிவந்த பெட்டியில்தான், பணி ஓய்வுக்குப் பிறகு இதை முதலிலிருந்து கடைசி வரை ஆடி முடித்தேன். கீழே வரும் கணக்குகள் அந்த அமெரிக்கப் பதிப்பினுடையவை.

நூற்றிருபது பொற்காசு

கதை நம் பாட்டி சொல்லும் கதை போலத்தான். அரக்க ராஜன் ஒருவன் ஒளி உருண்டையைக் கவர்ந்துகொண்டு போய்விட்டான்; இளவரசியும் சிறைப்பட்டிருக்கிறாள். பழைய வீரன் ஒருவனின் வம்சத்தில் வந்தவன் இரண்டையும் மீட்க வேண்டும். அந்த வீரனுக்கு நாம்தான் பெயர் சூட்டுகிறோம். அவனுடைய பலமும் வேகமும் எந்த விகிதத்தில் வளரும் என்பதை அந்தப் பெயரின் எழுத்துகளைக் கொண்டே ஆட்டம் கணக்கிடுகிறது! பெயர் எண் கணிதத்தில் நம்பிக்கையுள்ள அன்பர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

ஆரம்பம் ராஜாவின் சபையில். அங்கே மூன்று பெட்டிகள். ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் ஒரு தீப்பந்தம், ஒன்றில் ஒரு சாவி. சாவியால் கதவைத் திறந்தால்தான் வெளியே போக முடியும். ஒரு சாவி ஒரு கதவுக்கு மட்டுமே. பேசுவது, எடுப்பது, கதவு திறப்பது, படி இறங்குவது ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே அறையில் பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டுவிடுகிறான். வாத்தியார் பிரம்போடு நிற்கவில்லை, அறையே வாத்தியார்.

பக்கத்து ஊர்க் கடைக்குப் போனால் விலைப்பட்டியல் காத்திருக்கிறது. மூங்கில் கழி 10, கதை 60, செப்பு வாள் 180. சாதாரண உடை 20, தோல் கவசம் 70, சிறிய கேடயம் 90. காயத்துக்கு மூலிகை 24. கதையும் தோல் கவசமும் வாங்கலாம் என்று ஆசைப்பட்டால் 130 ஆகிறது. கையில் இருப்பதோ 120. பத்துக் காசு இடிக்கிறது. சரி, கேடயம், உடை, மூங்கில் கழி என்று எடுத்தால் கணக்கு 120-க்குச் சரியாக முடிகிறது. ஆனால் மூலிகைக்குக் காசில்லை. ராத்திரி சத்திரத்தில் தங்க ஆறு காசும் இல்லை. மாதக் கடைசியில் குடும்பம் நடத்திய ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு இது. எதை வாங்குவது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய கேள்வி. பத்து வயதுப் பிள்ளை இதை உட்கார்ந்து யோசிப்பதைப் பார்த்தால், 'சும்மா விளையாட்டு' என்று சொல்ல மனம் வராது.

பாலம் தாண்டினால் வேறு பிராந்தியம்

ஊருக்கு வெளியே கால் வைத்தால் அரக்கர்கள் எதிர்ப்படுவார்கள். ஒரு சமயத்தில் ஒருவனோடுதான் சண்டை. திரையில் நான்கு கட்டளைகள்: சண்டையிடு, ஓடு, மந்திரம், பொருள். நான் ஒரு முறை, எதிரி ஒரு முறை. விரல் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கை நடுங்கும் அறுபது வயதுக்காரனும் ஆடலாம் என்பதற்கு நானே சாட்சி.

முதலில் வருவது நீல நிறத்தில் சிரித்த முகத்தோடு ஒரு துளி. ஸ்லைம் என்று பெயர். அதை வென்றால் ஒரே ஒரு பட்டறிவுப் புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் இரண்டாம் நிலை. 23-ல் மூன்றாம் நிலை, அப்போது காயம் ஆற்றும் மந்திரம் கைவரும். 47-ல் நான்காம் நிலை, எதிரியைச் சுடும் மந்திரம். பத்தாம் நிலைக்கு 2,000 புள்ளி. கடைசியான முப்பதாம் நிலைக்கு 65,535. இந்த எண் பதினாறு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண். பானை நிறைந்தது, அதற்குமேல் ஊற்ற முடியாது என்று பொருள்.

அரக்க ராஜனின் கோட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? நாம் புறப்படும் அரண்மனைக்கு எதிரிலேயே, நீரின் மறுகரையில், கூப்பிடு தூரத்தில். ஆரம்பத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர நாடு முழுவதையும் சுற்றி வர வேண்டும். இடையில் பாலங்கள். ஒரு பாலத்தைத் தாண்டினால் எதிரிகளின் பலம் சட்டென்று கூடிவிடுகிறது. அறிவிப்புப் பலகை ஏதும் கிடையாது, பாலமே எச்சரிக்கை. ரயில் ஓட்டுநரைப் புதிய செக்ஷனில் ஒரேயடியாக வண்டியோட்ட விடுவதில்லை. தெரிந்தவரோடு பகலிலும் இரவிலும் போய்வந்து, மேடு எங்கே, வளைவு எங்கே, சிக்னல் எந்தப் பக்கம் என்று பாதையைக் கற்ற பிறகுதான் தனியே விடுவார்கள். இந்த ஆட்டத்திலும் அப்படியே. கொஞ்ச தூரம் போ, திரும்பி வா, சத்திரத்தில் தங்கு, இன்னும் கொஞ்ச தூரம் போ. குகைக்குள் தீப்பந்தம் இல்லாமல் நுழைந்தால் கும்மிருட்டு. தீப்பந்தமும் அடுத்த கட்டம் வரைதான் காட்டும்.

நிலப்படமும் கிடையாது. ஊர் ஊராய்ப் போய் ஜனங்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முக்கியமான சின்னம் அரண்மனையிலிருந்து தெற்கே 70, கிழக்கே 40 அளவு தூரத்தில் சதுப்பு நிலத்தில் கிடக்கிறது. மேலே அடையாளம் எதுவும் இல்லை. மீட்கப்பட்ட இளவரசி தரும் ஒரு பரிசுப் பொருள், நாம் நிற்கும் இடத்திலிருந்து அரண்மனை எத்தனை தூரத்தில் எந்தத் திக்கில் இருக்கிறது என்று சொல்லும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, சரியான கட்டத்தில் நின்று தேட வேண்டும். சங்கிலி பிடித்து நிலம் அளந்த எனக்கு அந்தச் சின்னம் கைக்கு வந்தபோது உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பள்ளியில் கிராஃப் தாளில் எக்ஸ், ஒய் என்று போட்டு விளங்காத பிள்ளைக்கு இங்கே விளங்கிவிடும்.

விழுந்தவனுக்கு என்ன விதி?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீரன் செத்துப்போனால் என்ன ஆகிறது?

இந்த ஆட்டத்துக்கு முன்னோடி என்று ஹோரியே சொல்லும் அமெரிக்கக் கணிப்பொறி ஆட்டங்களில் ஒன்று 1981-ல் வந்த 'விசார்ட்ரி'. அதில் செத்த வீரனைக் கோவிலுக்குத் தூக்கிப் போய் உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். மறுமுறையும் தவறினால் அவன் இல்லவே இல்லை. வாரக்கணக்கில் வளர்த்த வீரன் போனது போனதுதான். நம் பரமபதம் இன்னொரு வகை. மேலே நெருங்கும்போது பெரிய பாம்பு கடித்தால் அடிமட்டத்துக்கு வந்துவிடுவோம். அதில் ஆடுகிறவன் கற்றுக்கொண்டது என்று எதுவுமில்லை. தாயம் விழுந்தபடி போக வேண்டியதுதான். கர்ம பலனைச் சொல்ல வந்த ஆட்டம், அதற்கு அது பொருத்தம்.

ஹோரி வேறு வழி எடுத்தார். வீரன் விழுந்தால் மறுபடி ராஜாவின் முன்னால் கண்விழிக்கிறான். ராஜா கொஞ்சம் கடிந்துகொள்கிறார். கையில் இருந்த பொற்காசில் சரி பாதி போய்விடுகிறது. ஆனால் பட்டறிவுப் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. நிலை இறங்குவதில்லை. கற்ற மந்திரம் மறப்பதில்லை. வாங்கிய வாளும் கவசமும் அப்படியே இருக்கின்றன.

இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தண்டனையே இல்லையென்றால் பயமிருக்காது, பயமில்லாவிட்டால் நிதானமிருக்காது. பாதிப் பணம் என்பது வலிக்கிற தண்டனைதான். செப்பு வாளுக்கென்று 170 காசு சேர்த்து வைத்தவன் 85-க்கு இறங்கும்போது பல்லைக் கடிக்கிறான். காசைப் போட்டுவைக்க இந்த முதல் ஆட்டத்தில் பெட்டகமும் கிடையாது. ஆகவே சும்மா வைத்திருந்த பணம்தான் போகும், தேவையான பொருளாக மாற்றியது போகாது என்ற இன்னொரு பாடமும் சேர்ந்து வருகிறது. ஆனால் அவன் உழைத்துச் சேர்த்த திறமையில் யாரும் கை வைப்பதில்லை. கம்பி அறுந்தால் கை 'நில்' என்று விழுகிறதே, அதே பாதுகாப்பு. முருங்கை மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போன விக்கிரமாதித்தனைப் போல, விழுந்தவன் மறுபடி எழுந்து போகிறான்; போகும்போது முன்னைவிட வெறுங்கையாக இருக்கலாம், முன்னைவிட அறியாதவனாகப் போவதில்லை.

கடைசியில் ஒரு சோதனையும் உண்டு. அரக்க ராஜன் சண்டைக்கு முன் ஒரு பேரம் பேசுகிறான். என்னோடு சேர்ந்துகொள், உலகில் பாதியைத் தருகிறேன் என்கிறான். ஆம், இல்லை என்று இரண்டே விடை. ஆம் என்றால் ஆட்டம் அங்கேயே இருளில் முடிந்துவிடும். அத்தனை பாடும் பட்டு வந்தவனிடம் குறுக்குவழியைக் காட்டி, வேண்டுமா என்று கேட்கிறது ஆட்டம். வேண்டாம் என்று தன் விரலால் அழுத்தும் பிள்ளை, நூறு நீதிபோதனை வகுப்பில் கிடைக்காத ஒன்றைப் பெறுகிறான்.

மறுப்பவர்களுக்கு

இதில் குறையே இல்லையா என்றால், உண்டு. ஒரே மாதிரிச் சண்டையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. எங்கள் கீமேன் தினமும் ஒரே பாதையில் சுத்தியலோடு நடந்து சாவிகளை இறுக்குவார். அந்த நடையால் ஆயிரம் பேர் பத்திரமாக ஊர் போய்ச் சேருவார்கள். நூறு ஸ்லைம்களை அடிப்பதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. நேரம் போவதே தெரியாது என்பதும் உண்மை. ஜப்பானிலேயே, 1988 பிப்ரவரி 10-ம் தேதி, ஒரு புதன்கிழமை, இதன் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது மாணவர்கள் பள்ளியை விட்டுக் கடைவாசலில் வரிசையில் நின்றது பெரிய செய்தியாயிற்று. வேலை நாளில் இதை விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள் என்பது வெறும் வதந்தி. ஆனால் அப்படி ஒரு வதந்தி பிறக்கும் அளவுக்கு மோகம் இருந்தது. எனவே நேரக்கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ராஜாவைப் பார்த்துத்தான் ஆட்டத்தைப் பதிவு செய்ய முடியும் என்பதால், 'ராஜாவிடம் போய்விட்டு நிறுத்து' என்று சொல்ல வீட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல இடமும் கிடைக்கிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இன்று கைப்பேசியில் இலவசம் என்று வரும் ஆட்டங்கள் பலவற்றில், பிள்ளை விழுந்த அந்தக் கணத்தில்தான் கடை திறக்கிறது. தொடர வேண்டுமா, இவ்வளவு கட்டு. வாள் வேண்டுமா, இந்தப் பெட்டியை வாங்கு, உள்ளே என்ன இருக்கும் என்பது உன் அதிர்ஷ்டம். உழைத்துப் பெற வேண்டியதை அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து பெறலாம் என்று அது கற்றுக்கொடுக்கிறது. 1986-ன் ஆட்டத்தில் அட்டையை ஒரு முறை வாங்கிய பின் ஒரு பைசா செலவில்லை. ராஜாவே நினைத்தாலும் காசுக்குப் பட்டறிவை விற்க முடியாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, நல்ல காரியம். ஆனால் சட்டம் சூதைப் பிடிக்கும். விழுந்த பிள்ளையிடம் வசூல் செய்யும் பழக்கத்தை வீட்டில் இருக்கும் நாம்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே முகாம் பொறுப்பாளர்களுக்கு என் விண்ணப்பம் இது. முழுத்தடைக்குப் பதிலாக, எந்த ஆட்டத்தையும் அனுமதிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை தோற்றால் இந்த ஆட்டம் அவனிடமிருந்து எதை எடுக்கிறது? ஜெயிப்பதற்குக் காசு கேட்கிறதா? நினைத்தபோது நிறுத்திவிட்டு எழுந்திருக்க விடுகிறதா? இந்த மூன்றில் தேறுவதைத் தினம் ஒரு மணி நேரம் இரண்டு இரண்டு பிள்ளைகளாக உட்கார வைத்து ஆட விடலாம். ஒருவன் ஆடட்டும், ஒருவன் நோட்டில் குறிக்கட்டும். அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொன்னால் நம் சங்கத்தின் நோக்கமும் நிறைவேறும். தேறாததை யோசனையின்றி விலக்கிவிடலாம்.

இதே முதல் கேள்வியை நம் வீடுகளைப் பார்த்தும் கேட்டுக்கொள்வது நல்லது. நம் பிள்ளைகள் பலர் நுழைவுத் தேர்வுக்கென்று இரண்டு வருஷம் பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். முடிவு சரியாக வராவிட்டால், எல்லாம் போயிற்று என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. என்ன போயிற்று? கட்டிய பணம் போயிற்று. அது வலிக்கத்தான் செய்யும். இரண்டு வருஷம் போட்ட கணக்கும் படித்த பௌதிகமும் எங்கே போயின? அவை பிள்ளையிடம்தான் இருக்கின்றன. அந்த ஆட்டத்து ராஜா, விழுந்து எழுந்து வந்தவனைக் கடிந்துகொண்டாலும், அடுத்த நிலைக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்பதைச் சொல்லித்தான் மறுபடி அனுப்புகிறார். ரிசல்ட் வந்த அன்று பிள்ளையிடம் நாம் சொல்ல வேண்டியதும் அந்தக் கணக்குத்தான்.